காதுத் தமிழ் மட்டும் போதுமா?

நம்மவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு நல்ல சண்டையைப் பார்க்க ஆசையா? அரசியல் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். "விஸ்வநாதனா, இளையராஜாவா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது கண்ணயர்ந்துவிடுகிற பெரியவர்கள்கூட இந்தக் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வழக்கு ஆண்டுதோறும் முறையாக விசாரணைக்கு வரும் இடம், நாம் குடும்பம் குடும்பமாகப் பொன்முடிக்குப் போகிற பஸ். இசையும் சினிமாவும் பற்றி எனக்குத் தோன்றுகிற சிலவற்றை அந்த பஸ்ஸை வைத்தே சொல்லலாம் என்று நினைக்கிறேன். பாட்டில் தொடங்கினாலும் பாட்டோடு முடிகிற விஷயம் அல்ல இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பஸ்ஸில் மூன்று கட்சி

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நெடுமங்காடு தாண்டும்வரை புளியோதரைப் பொட்டலம் சரியாக இருக்கிறதா என்ற எண்ணிக்கை நடக்கும். விதுரா தாண்டியதும் யாராவது பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்துவிடுவார்கள். கல்லாற்றுக்குப் பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே பாட வேண்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பஸ் மூன்று கட்சியாகப் பிரிந்திருக்கும்.

முதலாவது டி.எம்.எஸ். - சுசீலா கட்சி. "அன்றைய பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்" என்பது இவர்கள் கொள்கை. நியாயம்தான். தெலுங்கு நாட்டில், விஜயநகரத்தில் பிறந்த சுசீலா அம்மாவின் ழகரத்தைக் கேட்டால் தமிழில் பிறந்த நம்மில் பலர் தலைகுனிய வேண்டும்.

இரண்டாவது, 1976-ல் வந்த 'அன்னக்கிளி'யிலிருந்து கணக்கு எழுதுகிறவர்கள். இவர்களுக்கு இளையராஜாவுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பஸ்ஸில் எண்ணிக்கையிலும் குரலிலும் பலமான கட்சி இதுதான்.

மூன்றாவது, 1992-ன் 'ரோஜா'வில் தொடங்கி இன்றைய அனிருத்வரை வந்து நிற்கிற இளைய கட்சி. பாட்டின் பல்லவியைவிட இடையில் வரும் தாளத்தை வாயாலேயே வாசித்துக் காட்டுவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், மூன்று கட்சியும் சொல்வது ஒன்றே: "எனக்குப் பதினாறு வயதிலிருந்து இருபது வயதுவரை கேட்ட பாட்டுதான் உலகத்திலேயே நல்ல பாட்டு." இன்றைய பாட்டில் வாத்திய இரைச்சலில் சொற்கள் காணாமல் போய்விடுகின்றன என்று எனக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் எழுபதுகளில் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் ரேடியோவை நிறுத்தச் சொல்லிக்கொண்டு இதையேதான் சொன்னார்கள். ஆகவே இந்த வழக்கில் தீர்ப்பு இல்லை. வாய்தாதான் உண்டு, அடுத்த வருடப் பயணம்வரைக்கும்.

யாருடைய பாட்டு?

இன்னொரு சண்டையும் உண்டு. "தமிழ்ச் சங்கத்து பஸ்ஸில் மலையாளப் பாட்டு எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து இருக்கிறது. பாடட்டும், நன்றாகப் பாடட்டும்.

பாட்டிலும் சினிமாவிலும் இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே யாரும் வேலி போட்டதில்லை. நாம் சொந்தம் கொண்டாடுகிற எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்தவர். ஜேசுதாஸ் கொச்சிக்காரர். 2025 ஜனவரியில் காலமான ஜெயச்சந்திரனின் குரல் இல்லாமல் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஏது? ஏ.ஆர்.ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர் உழைத்ததெல்லாம் பெரும்பாலும் மலையாளப் பட இசைக்குத்தான். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் வெளிவந்தது. எடுத்தவர்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்காரர்கள். மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'ம் (1961) அவர்கள் எடுத்ததுதான்.

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'பொன்முடி' என்றே ஒரு தமிழ்ப் படம் எடுத்தது. நம் மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்ற காவியத்தின் கதை அது, பொன்முடி என்பது கதாநாயகன் பெயர். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை எடுத்துப் பெயர் வாங்கியவர்.

இவ்வளவு கலந்து கிடக்கிற இடத்தில் நம் பிள்ளைகள் மலையாளப் பாட்டுப் பாடுவதைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் படிப்பது இந்த ஊரில். நண்பர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். இந்த ஊர் நமக்குச் சோறு போடுகிறது. பழைய மலையாளப் படங்கள் சிலவற்றில் தமிழன் என்றால் கோமாளி வேஷம்தான். அதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம்மில் உண்டு. ஆனால் நம் தமிழ்ப் படங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? மலையாளி என்றால் டீக்கடை நாயர்தானே! இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. அந்தக் கணக்கை மூடிவிடலாம்.

பாட்டு தமிழ், எழுத்து?

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பயணத்தில் பத்தாவது படிக்கிற பெண் பிள்ளை ஒரு தமிழ்ப் பாட்டை முழுதாக, பல்லவி, இரண்டு சரணம் உட்பட, சொல் பிசகாமல் பாடினாள். லகரமும் ளகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் இருந்தன. பஸ்ஸே கை தட்டியது. "பார்த்தீர்களா, தமிழ் எங்கே போய்விடும்?" என்று பக்கத்துப் பெரியவர் பூரித்துப் போனார். அவள் கையில் ஒரு தாள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். முழுக்க மலையாள எழுத்து.

"இது என்னம்மா, தமிழ்ப் பாட்டுத்தானே?" என்றேன்.

"பாட்டு தமிழ்தான் அங்கிள். எழுத்து மட்டும்தான் மலையாளம்" என்றாள், மிகவும் இயல்பாக.

அவள் அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி, "வீட்டுல எப்பவும் தமிழ்தான் பேசுதோம் அண்ணாச்சி. ஸ்கூல்ல தமிழ் கிடையாது, எழுத்துக்கு என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு நான் கவனித்துக்கொண்டே வருகிறேன். நம் ஆண்டு விழா மேடையில் பாடுகிற, வசனம் பேசுகிற, வரவேற்புரை சொல்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது மலையாள எழுத்துத் தாள், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துத் தாள்.

இதில் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. டில்லியிலோ மும்பையிலோ வளர்கிற நம் பிள்ளை தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதினால் ழகரமும் றகரமும் நொண்டியடிக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் போய்விடும். கேட்கிற பாட்டி உடனே கண்டுபிடித்துவிடுவாள். மலையாள எழுத்தில் அப்படி இல்லை. அதில் ழ உண்டு, ள உண்டு, ற உண்டு, குறில் நெடில் எல்லாம் உண்டு. தமிழை எழுதினால் ஏறக்குறைய அப்படியே திரும்பிக் கிடைக்கும். ஒன்றும் குறைந்ததாகவே தெரியாது. அதனால்தான் கேரளத்தில் இருக்கிற நமக்கு இழப்பு கண்ணில் படுவதில்லை. காதுக்குத் தமிழ் நன்றாகக் கேட்கிறது, நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

கடைசியில் போவது பாட்டு

"பாட்டு இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். கடல் தாண்டிப் போன நம் மக்களின் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக 1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. மொரீஷியசுக்கு அதற்கும் முன்பிருந்தே போனார்கள். இன்றும் அங்கே முருகன் கோயில் உண்டு, காவடி உண்டு, தைப்பூசம் உண்டு. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு டர்பனில் ஆங்கிலம், மொரீஷியசில் க்ரியோல். தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் அங்கே நிறைய. உருக்கமாகத்தான் பாடுகிறார்கள். அர்த்தம் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடிமைப் பிழைப்புக்கு நடுவே இவ்வளவு காப்பாற்றியதே பெரிது. இன்றைக்குப் பள்ளியிலும் கோயிலிலும் தமிழ் எழுத்தைத் திரும்பப் படிக்க அவர்கள் படும் பாடும் சாதாரணமல்ல.

நாம் கவனிக்க வேண்டியது வரிசையைத்தான். ஒரு குடும்பம் மொழியை இழக்கும்போது பாட்டு முதலில் போவதில்லை, கடைசியில்தான் போகிறது. ஆகவே பிள்ளை பாடுகிறது என்பதை வைத்துக்கொண்டு வீட்டில் தமிழ் சுகமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

நாம் கடல் தாண்டவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் நாகர்கோவிலுக்குப் போய்விடலாம். 1956 நவம்பர் 1-ம் தேதிவரை தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியில் நம்மோடு ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, அடிமைத்தனம் எதுவும் இல்லாமல், நாமாகவே எழுத்தைக் கைவிட்டால் அதற்கு என்ன காரணம் சொல்வோம்?

பாட்டில் இல்லாத தமிழ்

சினிமாப் பாட்டைக் குறை சொல்லவில்லை. வெளியூரில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் உச்சரிப்பைக் கற்றுக்கொடுத்த வாத்தியார் சினிமாதான். நன்றி மறக்கக் கூடாது. ஆனால் சினிமாப் பாட்டில் இருக்கிற தமிழ் எவ்வளவு? நிலா, மழை, கண், நெஞ்சம், உயிர், கொஞ்சம் அம்மா. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு சிறிய சுருக்குப் பை. "உயிரே" என்று உருகத் தெரிந்த பிள்ளைக்கு வாடகை, வட்டி, வில்லங்கம், நெஞ்செரிச்சல், சமரசம் தெரியாது. உருகுவதற்கு ஒரு மொழியும் கணக்குப் பார்க்க, கோபப்பட, நியாயம் கேட்க வேறொரு மொழியும் என்றால், முதல் மொழி கொலுப் பொம்மையாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்துவிட்டு உள்ளே வைக்க வேண்டியதுதான்.

அன்றாட வாழ்க்கையில் இது எங்கே இடிக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலியிலிருந்து தாத்தா வாட்ஸ்அப்பில் கஷ்டப்பட்டுத் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி நாலு வரி அனுப்புகிறார். பேரன் அதை அம்மாவிடம் காட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, குரல் பதிவில் பதில் சொல்கிறான். தாத்தாவுக்கும் சந்தோஷம், பேரனுக்கும் சந்தோஷம். நடுவில் அம்மா இருக்கிறவரைக்கும் இது ஓடும். அதற்கப்புறம்? பரணில் இருக்கும் பழைய இன்லண்ட் கடிதங்களையும் கொள்ளுத்தாத்தா எழுதிய பற்றுவரவு நோட்டையும் யார் படிப்பார்கள்?

இன்னொன்று சொன்னால் உங்களுக்கும் உறைக்கும். நம் விழா எதுவானாலும் தமிழ்த்தாய் வாழ்த்தோடுதான் தொடங்குகிறது. அது எந்த நூலில் இருக்கிறது? 1891-ல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில். எழுதிய பெ.சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். இதே திருவனந்தபுரத்தில், மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். தமிழ்நாட்டு அரசு 1970-ல் அரசு விழாக்களுக்கு ஏற்றுக்கொண்டு, 2021-ல் மாநிலப் பாடலாக அறிவித்த அந்த வாழ்த்து, நம் ஊரில் வேலை பார்த்த ஒருவர் எழுதியது. அதை நம் ஊர்ப் பிள்ளைகள் மலையாள எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள்!

அவரோடு முடியவில்லை. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ.மாதவன், 'தலைமுறைகள்' எழுதிய நீல பத்மநாபன், ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டு தமிழில் எழுதிய நகுலன் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். மாதவனுக்கு 2015-லும் நீல பத்மநாபனுக்கு 2007-லும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நம் பிள்ளை தினமும் பஸ் ஏறுகிற கிழக்கேகோட்டையும் சாலையும் தமிழ் இலக்கியத்தில் இருக்கின்றன. அதைப் படிக்கத் திறப்பு நம் பிள்ளையிடம் இல்லை. இதற்குப் பாட்டு உதவாது. எழுத்துத் தெரிய வேண்டும்.

சொல்லப்படும் சமாதானங்கள்

"பின்னணிப் பாடகர்களே தங்கள் மொழியில் எழுதி வைத்துக்கொண்டுதானே பாடுகிறார்கள்" என்பார்கள் சிலர். உண்மை, அது பாடகர்களின் பழைய வழக்கம். ஆனால் அவர்கள் அடுத்தவர் மொழியில் தொழில் செய்கிறார்கள். நம் பிள்ளை பாடுவது சொந்த மொழியில். திருவனந்தபுரத்துச் சித்ரா தேசிய விருது வாங்கிய 'சிந்து பைரவி' (1985) பாட்டு நினைவிருக்கிறதா? பாட்டும் படிப்பும் அறியாத ஒருத்தி பாடுவதாக அமைந்தது. படத்தில் அது நயம். நம் வீட்டில் அது நிஜமாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

"பள்ளியில் சொல்லித்தருவதில்லை" என்பது இரண்டாவது சமாதானம். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலவழிப் பள்ளியைத் தேடித்தான் போகிறோம். 2017-ல் வந்த சட்டப்படி கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடம். அது முறையானதுதான், இந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு மலையாளம் வேண்டும். ஆனால் மலையாளம் படிப்பதால் தமிழ் எழுத்து வராமல் போகாது. மலையாளம் படித்த பிள்ளைக்குத்தான் தமிழ் எழுத்து சுலபம் என்பது என் கட்சி. அதைக் கீழே சொல்கிறேன்.

"இனிமேல் செல்போனே எழுத்தை வாசித்துச் சொல்லிவிடும்" என்பது மூன்றாவது. சொல்லட்டும். கால் நன்றாக இருக்கும்போது சக்கர நாற்காலியில் ஏறி உட்காருவானேன்?

பொன்முடி என்று எழுதிப் பாருங்கள்

பொன்முடி போகிற வழியில் பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கிறது. பிள்ளை பளிச்சென்று வாசிக்கும். அதே பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். நாலே எழுத்து: பொ, ன், மு, டி. பொன் என்றால் தங்கம், முடி என்றால் உச்சி, கிரீடம், தலைமயிர். இரண்டு மொழியிலும் அதே சொல், அதே பொருள். "தங்கத் தலைமயிரா?" என்று சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். சிரித்தால் மறக்காது.

இனி எழுத்தைப் பாருங்கள். 'பொ' எழுதும்போது தமிழில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் போடுகிறோம். மலையாளத்திலும் அதே மாதிரி எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி போடுகிறார்கள். 'டி' என்பதைத் தமிழில் வல்லின டகரம் போட்டு எழுதி, நடுவில் வருவதால் மெலிதாக உச்சரிக்கிறோம். மலையாளத்திலும் இந்தச் சொல்லுக்கு வல்லின எழுத்தைத்தான் போட்டு, மெலிதாகத்தான் சொல்கிறார்கள். "ஒரே க-வை எப்படி மூன்று விதமாக வாசிப்பது?" என்று வடக்கே வளர்ந்த பிள்ளை திணறுகிற இடத்தில் நம் பிள்ளைக்கு அவ்வளவு திணறல் வராது. மலையாள எழுத்து கிரந்தத்திலிருந்து வளர்ந்தது. தமிழ் எழுத்துக்கும் கிரந்தத்துக்கும் நெருங்கிய உறவு. உ, த, ண, ய, வ போன்றவற்றில் முகச்சாயலே தெரியும். பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் மாதிரி.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மேலே கொஞ்சம் கொம்பும் காலும் சுழியும். காதில் ஏற்கெனவே தமிழ் இருக்கிற பிள்ளைக்கு இது ஒரு கோடை விடுமுறைக்கான வேலைதான்.

மறுபடியும் பாட்டுப் புத்தகம்

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் சினிமாப் பாட்டு உதவிக்கு வருகிறது.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சாணித்தாளில் நாலைந்து பக்கம். முதலில் கதைச் சுருக்கம், பாதியில் நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருக்கும். பிறகு பாட்டுகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள். ரகசியம் எளிது. பாட்டு முன்பே மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று காதுக்குத் தெரியும். கண் அதைப் பின்தொடர்ந்து போனால் போதும். பாடப் புத்தகத்தில் தெரியாத சொல்லைத் தெரியாத எழுத்தில் படிக்க வேண்டும். பாட்டுப் புத்தகத்தில் தெரிந்த சொல்லைத்தான் தெரியாத எழுத்தில் படிக்கிறோம். பாதி வேலை முடிந்துவிட்டது.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பொன்முடிப் பயணத்துக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போடும்போது, பத்துப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் பெரிதாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாக ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். மூன்று கட்சிக்கும் இடம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் கலகம் வரும். பஸ்ஸில் மனப்பாடமாகப் பாடினால் ஒரு மதிப்பெண், தாளைப் பார்த்து நடுவில் காட்டுகிற வரியை வாசித்தால் மூன்று மதிப்பெண். மலையாள நண்பர்கள் வந்தால் அவர்களுக்கும் ஒரு தாள் கொடுங்கள். தமிழ்ப் பாட்டென்றால் அவர்களுக்கும் உயிர்தானே.

பெற்றோருக்கு: வாரத்துக்கு ஒரு பாட்டு, நாளைக்குக் கால் மணி நேரம். பிள்ளை பாடிக்கொண்டே வரியின் மேல் விரலை ஓட்டட்டும். பாட்டு நிற்கும்போது விரல் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கேளுங்கள். திட்டாதீர்கள். "உனக்குத் தமிழே தெரியவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மையும் அல்ல. தமிழ் பாதிக்கு மேல் பிள்ளையிடம் இருக்கிறது. நாம் காதின் வழியாகக் கொடுத்துவிட்டோம், கண்ணுக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்.

தாத்தா பாட்டிகளுக்கு: பேரப்பிள்ளைக்குக் குரல் பதிவு அனுப்புவதைக் கொஞ்சம் குறையுங்கள். ஒரே ஒரு வரி, தமிழ் எழுத்தில் அனுப்புங்கள். "உனக்கு என்ன வேண்டும்? எழுது, வாங்கி அனுப்புகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் படித்துவிடுவார்கள்.

விஸ்வநாதனா, இளையராஜாவா என்ற சண்டை இருக்கட்டும். அது இருக்கிறவரைக்கும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். நம் வீட்டுக்கு இந்த இதழ் வருகிறது. நீங்கள் படிக்கிறீர்கள், உங்கள் வீட்டம்மா படிக்கிறார். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது? இந்தப் பக்கத்தை முடித்ததும் இதழைப் பிள்ளையிடம் கொடுத்து, தலைப்பை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். நாலே சொல்தான். வாசித்துவிட்டால் அடுத்த பக்கத்தைக் காட்டுங்கள். வாசிக்க வரவில்லையென்றால் இன்று இரவே ஒரு பாட்டோடு ஆரம்பித்துவிடுங்கள்.